படத்தைச் சுருக்கும் முறை

ஆகுர்டியில் நாம் நடித்த நாடகத்தை ஊரிலுள்ள பெற்றோர் கைப்பேசியில் காண வேண்டுமாயின், காணொளியைச் சுருக்கியே அனுப்புதல் வேண்டும். ஏன்? காணொளி என்பது விரைந்தோடும் நிழற்படங்களின் வரிசை. அகலத்தில் 1920, உயரத்தில் 1080 புள்ளிகள் கொண்ட ஒரு படம் ஏறத்தாழ 6 மெகாபைட். நொடிக்கு 25 படங்களெனில் 155 மெகாபைட்!

அசையாத திரைச்சீலையைப் படந்தோறும் எழுதுவானேன்? 2003இல் வந்த எச்.264 முறை, மாறிய பகுதிகளையே பெரிதும் குறிக்கிறது. கண் எளிதில் உணராத நுண்மைகளையும் கழிக்கிறது. இதற்கு அடிப்படையான கணிதத்தை 1974இல் வெளியிட்டோர் நசீர் அகமது, நடராஜன், கே. ஆர். ராவ் ஆகிய மூவர். இவ்வாறு 155 மெகாபைட், ஒரு மெகாபைட் அளவில் அடங்கிவிடும்.

ஆனால் கழித்தது மீளாது. ஆதலின் மூலப்படத்தைக் காத்து வைத்து, தொகுப்பு முடிந்தபின் ஒருமுறையே சுருக்குக. சுருக்கியதையே மீண்டும் மீண்டும் சுருக்கினால், தாய் காண்பது பிள்ளையின் முகமன்று, கட்டங்கட்டமான நிழலே.