ஏ லெவலில் பிரெஞ்சு: எது மாறுகிறது?

இங்கிலாந்தில் பதினாறு வயதில் ஜிசிஎஸ்இ தேர்வை முடிக்கும் பிள்ளைகள், அடுத்த இரண்டு ஆண்டுகளுக்குப் பெரும்பாலும் மூன்றே பாடங்களை எடுத்து ஏ லெவல் படிக்கிறார்கள். அந்த மூன்றில் ஒன்று பிரெஞ்சாக இருக்கலாமா என்று யோசிக்கும் பெற்றோர் முதலில் பார்ப்பது ஜிசிஎஸ்இ-யில் வாங்கிய தரத்தை. அதைப் பார்க்கத்தான் வேண்டும். ஆனால் அதற்கும் முன்னால் நான் கேட்பது வேறு: நாட்டு நடப்பைப் பற்றி ஒரு கருத்தைச் சொல்லி, அதற்காக வாதாடப் பிள்ளைக்குப் பிடிக்குமா?

ஜிசிஎஸ்இ-யில் பிள்ளை பெரும்பாலும் தன்னைப் பற்றிப் பேசினால் போதும்: வீடு, பள்ளி, நண்பர்கள், விடுமுறை. 2024-இல் தொடங்கிய புதிய பாடத்திட்டத்தில் என்னென்ன சொற்கள் தெரிந்திருக்க வேண்டும் என்று பட்டியலே உண்டு. உயர்நிலைத் தாளுக்கு 1,700 சொற்கள். ஏ லெவலில் பேச்சு, பிரெஞ்சு பேசும் சமூகங்களின் பக்கம் திரும்பிவிடுகிறது. ஏக்யூஏ என்ற தேர்வு வாரியத்தின் பாடத்திட்டத்தை எடுத்துக்கொண்டால், மாறிவரும் குடும்ப அமைப்பு, ஒதுக்கப்பட்டவர்களின் வாழ்க்கை, குற்றவாளிகளை நடத்தும் விதம், வேலைநிறுத்தங்கள், குடியேற்ற அரசியல் எல்லாம் அதில் வருகின்றன. இலக்கணமும் ஏறுகிறது. ஐயம், விருப்பம், கட்டாயம் ஆகியவற்றைச் சொல்லப் பிரெஞ்சில் வினைக்குத் தனி வடிவம் இருக்கிறது. அது இல்லாமல் அழுத்தமாக ஒரு கருத்தைச் சொல்வது கடினம்.

அந்த வாரியத்தின் தேர்வில் மூன்று தாள்கள். முதல் தாள் இரண்டரை மணி நேரம், மொத்த மதிப்பில் 50 சதவீதம்: கேட்டல், வாசித்தல், இரு திசையிலும் மொழிபெயர்ப்பு. ஒலிப்பதிவை மாணவரே நிறுத்தி, பின்னோக்கி ஓட்டிக் கேட்கலாம். பதறும் பிள்ளைக்கு இது பெரிய ஆறுதல்.

இரண்டாம் தாள் 20 சதவீதம். ஒரு நூலும் ஒரு திரைப்படமும், அல்லது இரண்டு நூல்கள் படித்து, இரண்டு மணி நேரத்தில் பிரெஞ்சிலேயே இரண்டு கட்டுரைகள் எழுத வேண்டும். வாரியத்தின் பட்டியலில் காம்யுவின் 'லெத்ரான்ஜே' இருக்கிறது. வீடற்ற பெண்ணோடு நட்பாகும் பதின்மூன்று வயதுச் சிறுமியைப் பற்றி டெல்ஃபின் த விகான் எழுதிய 'நோ எ முவா' இருக்கிறது. 1995-இல் மத்தியூ கசோவிட்ஸ் எடுத்த 'லா ஏன்' படமும் உண்டு: பாரிஸ் புறநகர்க் குடியிருப்பில், காவல்துறை வன்முறையைத் தொடர்ந்த கலவரத்துக்கு மறுநாள், மூன்று இளைஞர்களின் கதை. கதையைத் திருப்பிச் சொன்னால் மதிப்பெண் வராது. இயக்குநர் ஏன் கறுப்பு வெள்ளையைத் தேர்ந்தெடுத்தார், அதனால் பார்ப்பவருக்கு என்ன ஆகிறது என்று எழுத வேண்டும். தனிப்பயிற்சி ஆசிரியர் எழுதிக் கொடுத்த கட்டுரையை உருப்போட்டுப் போகும் பிள்ளைகள் இந்தத் தாளில்தான் மாட்டிக்கொள்கிறார்கள். கேள்வி சற்றே திரும்பினாலும் உருப்போட்டது உதவாது.

மீதி 30 சதவீதம் வாய்மொழித் தேர்வு. ஏறத்தாழ இருபது நிமிடம்தான், ஆனால் இதற்குத் தயாராவதில்தான் மொழி உண்மையில் வசப்படுகிறது. முதலில் ஒரு அட்டையைக் கொடுத்து அதை ஒட்டிய உரையாடல். தேர்வாளரை மாணவர் திருப்பிக் கேள்வி கேட்கவும் வேண்டும். அடுத்து மாணவர் தானே தேர்ந்தெடுத்து ஆராய்ந்த தலைப்பு: இரண்டு நிமிட உரை, பிறகு ஒன்பது, பத்து நிமிட விவாதம்.

இவ்வளவு நல்ல பாடத்தை எடுப்பவர்கள் குறைந்துகொண்டே வருகிறார்கள் என்பது வருத்தம். 2004-இல் பதினான்கு வயதுக்கு மேல் வேற்றுமொழி கட்டாயமில்லை என்றானது; அதன்பின் ஜிசிஎஸ்இ-யிலேயே கூட்டம் கலைந்தது. 2019-இல் ஏ லெவலில் ஸ்பானிஷ் பிரெஞ்சை முந்திவிட்டது. இன்னொரு தயக்கமும் உண்டு: வீட்டில் பிரெஞ்சு பேசி வளர்ந்த பிள்ளைகளோடு போட்டி போட வேண்டுமே என்பது. அந்தப் பயத்தில் நியாயம் இருக்கிறது. அதனால்தான் தேர்வு ஒழுங்குமுறை அமைப்பான ஆஃப்குவால் 2017-இல் பிரெஞ்சு, ஜெர்மன், ஸ்பானிஷ் மூன்றிலும் உயர் தரங்கள் வழங்குவதைச் சற்றுத் தளர்த்தியது. பிரான்சிலிருந்து இங்கிலாந்துக்குக் குடிபெயர்ந்த தமிழ்க் குடும்பத்துப் பிள்ளைகளுக்கு நாக்கு முன்பே பழகியிருக்கும். எழுத்திலும் கட்டுரை வாதத்திலும் அவர்களும் உழைத்தே ஆக வேண்டும்.

வாய்மொழித் தேர்வுக்கான ஆய்வுத் தலைப்பு பிரெஞ்சு பேசும் நாடு அல்லது சமூகத்தோடு தொடர்புடையதாக இருக்க வேண்டும் என்பதால், பலர் ஈஃபில் கோபுரம், பிரெஞ்சுச் சமையல் என்று போய்விடுகிறார்கள். அவற்றில் விவரிக்க நிறைய உண்டு, வாதாட அதிகமில்லை. தமிழ்ப் பிள்ளைகளுக்கு வேறு வாசல்கள் திறந்திருக்கின்றன. பாரிஸின் லா ஷப்பேல் பகுதியில் தமிழ்க் கடைகள் வரிசையாக நிற்கின்றன. ஆண்டுதோறும் அங்கே பிள்ளையார் தேர் வீதி உலா வருகிறது. இந்தியப் பெருங்கடலில் இருக்கும் ரெயூனியன் பிரான்சின் ஒரு மாவட்டம். பத்தொன்பதாம் நூற்றாண்டில் கரும்புத் தோட்டங்களுக்கு ஒப்பந்தக் கூலிகளாகப் போன தமிழர்களின் வழித்தோன்றல்கள் அங்கே வாழ்கிறார்கள். அரசும் மதமும் தனித்தனி என்று 1905-இல் சட்டம் இயற்றிய நாட்டில், பொதுத் தெருவில் தேர் எப்படி ஓடுகிறது? பத்து நிமிட விவாதத்துக்கு இந்த ஒரு கேள்வி போதும்.