மலைச்சாலையில் கொதிக்கும் இன்ஜின்: கூலன்ட் வாங்குவோர் அறிய வேண்டியவை

போடிநாயக்கனூரிலிருந்து 17 கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து போடிமெட்டுக்கு ஏறும் சாலையிலும், கம்பத்திலிருந்து கம்பம்மெட்டுக்கும் குமுளிக்கும் செல்லும் சாலைகளிலும், தேனி மாவட்டத்து ஏலத்தோட்டத் தொழிலாளர்களைச் சுமந்து நாள்தோறும் ஜீப்புகள் இடுக்கிக்குள் ஏறுகின்றன. பாலக்காட்டுப் பக்கம் நெல்லியாம்பதிக்கும் அட்டப்பாடிக்கும் செல்லும் வண்டிகள் கோடையில் 40 டிகிரியைத் தொடும் சமவெளி வெப்பத்திலிருந்தே ஏறத் தொடங்குகின்றன. ஏற்றத்தில் வண்டி தாழ்ந்த கியரில் மெதுவாக ஊர்வதால் இன்ஜின் உண்டாக்கும் வெப்பம் மிகுகிறது. அதே வேளையில், வெப்பத்தை வெளியேற்றும் ரேடியேட்டரின் மீது மோதும் காற்று குறைந்துவிடுவதால், குளிர்விக்கும் பொறுப்பு பெரும்பாலும் மின்விசிறியையும் உள்ளே சுழலும் திரவத்தையுமே சார்கிறது.

அந்தத் திரவமே கூலன்ட் எனப்படுவது. எத்திலீன் கிளைக்கால் என்னும் வேதிப்பொருளும் தூய நீரும் துருத்தடுப்பு மருந்துகளும் சேர்ந்த கலவை அது. உயரம் 300 மீட்டர் கூடுந்தோறும் நீரின் கொதிநிலை ஏறத்தாழ ஒரு டிகிரி குறைவதால், மூணாற்றில் திறந்த பாத்திரத்து நீர் 95 டிகிரி அளவிலேயே கொதிக்கும். சரிபாதிக் கலவையோ, ரேடியேட்டர் மூடி குக்கரைப் போல அழுத்தத்தைத் தாங்கி நிற்கும் வரையில், அதே ஊரிலும் 120 டிகிரியைத் தாண்டியே கொதிக்கிறது. பனி உறையாத ஊர்களுக்குக் கூலன்ட் எதற்கு, குழாய்த் தண்ணீரே போதாதா என்னும் வாதம் இதனால் பொருந்தாது. உப்பு மிகுந்த போர்வெல் நீர் ரேடியேட்டரின் நுண்குழாய்களில் படிவு கட்டி அடைத்துவிடுவதோடு, அலுமினிய ஹெட்டையும் வாட்டர் பம்பையும் அரித்துவிடுகிறது.

கூலன்ட்டைப் பச்சை, சிவப்பு, நீலம் என நிறம் பார்த்து வாங்குவதே இதில் நேரும் பெரும்பிழை. நிறத்துக்குப் பொதுத் தரம் எதுவும் கிடையாது. ஒரே நிறமுடைய இரண்டு திரவங்களில் ஒன்று சிலிக்கேட் வகைத் துருத்தடுப்பும் மற்றொன்று கரிம அமில வகைத் துருத்தடுப்பும் கொண்டிருக்கலாம், அவற்றைக் கலந்தால் காப்புத் திறன் குறையும், சில வேளை கூழ்போல் திரண்டு குழாயை அடைக்கும். வண்டியின் கையேடு குறிப்பிடும் வகையையே வாங்க வேண்டும்; புட்டியில் ஐ.எஸ். 5759 என்னும் இந்தியத் தர எண் அச்சிடப்பட்டுள்ளதா என்று பார்ப்பதும் நல்லது. அடர்கரைசலாக விற்கப்படுவதைக் காய்ச்சி வடித்த நீரில்தான் கலக்க வேண்டும். அப்படியே ஊற்றத்தக்கதாக விற்கப்படுவதில் மேலும் தண்ணீர் சேர்த்தால் அது நீர்த்துப்போகும்.

வெப்பமானி முள் சிவப்பை நெருங்கினால் ஏ.சி.யை நிறுத்தி, ஹீட்டரை முழு அளவில் திறந்து, வளைவில்லாத பாதுகாப்பான இடத்தில் வண்டியை ஓரங்கட்டி இன்ஜினை அணைக்க வேண்டும். குறைந்தது அரை மணி நேரம் ஆறும் வரை ரேடியேட்டர் மூடியைத் தொடவே கூடாது, ஏனெனில் அழுத்தம் விடுபட்டவுடன் திரவம் கொதித்துப் பீறிட்டு முகத்தையும் கைகளையும் வேகவைத்துவிடும். சூடேறிய இன்ஜினில் ஓடைநீரை ஊற்றுவோர் ஹெட் விரிசலுக்குத் தாமே வழிசெய்கின்றனர். கூலன்ட் சுமார் 80 முதல் 90 டிகிரியை அடைந்த பிறகே அதை ரேடியேட்டருக்குத் திறந்துவிடும் தெர்மோஸ்டாட் வால்வைக் கழற்றி எறிந்து வண்டியை அனுப்பிவைக்கும் பழக்கமும் கண்டிக்கத்தக்கது: பழுதின் காரணம் அப்படியே இருக்க, மலைக்குளிரில் இன்ஜின் உரிய சூட்டை எட்டாமல் எரிபொருளை விழுங்கித் தேய்கிறது. வடித்தெடுத்த பழைய கூலன்ட் இனிப்புச் சுவையுள்ள நஞ்சு. உடுமலை–மறையூர் சாலை சின்னார் சரணாலயத்தின் ஊடே செல்வதை நினைவிற்கொண்டு, அதைச் சாலையோரத்திலோ ஓடையிலோ கொட்டாதிருப்பது கட்டாயக் கடமையாகும்.

இன்ஜின் கெட்டபின் காப்பீடு கைகொடுக்கும் என்ற நம்பிக்கை பெரும்பாலும் பொய்த்துப்போகும், ஏனெனில் வழக்கமான வாகனக் காப்பீடு இயந்திரப் பழுதை விலக்கியே வைக்கிறது. தரமற்ற கூலன்ட்டாலோ தவறான பழுதுபார்ப்பாலோ நேர்ந்த இழப்புக்கு 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டமே வழி. புகார்தாரர் தாம் குடியிருக்கும் மாவட்டத்தின் ஆணையத்திலேயே வழக்கிட இச்சட்டம் இடமளிப்பதால், அடிமாலியில் பழுதுபார்த்த போடிக்காரர் தேனியிலேயே முறையிடலாம். வணிக நோக்கில் வாங்குவோரைச் சட்டம் விலக்கினாலும், சுயதொழிலாக வண்டியோட்டிப் பிழைப்பவர் நுகர்வோராகவே கருதப்படுகிறார்; ஜீப் உரிமையாளர் பலர் இதை அறியாமல் உரிமையைக் கைவிடுகின்றனர். செலுத்திய தொகை 5 லட்சம் ரூபாய் வரை இருந்தால் வழக்குக் கட்டணம் கிடையாது. 1915 என்னும் தேசிய உதவி எண்ணில் தமிழிலும் பேசலாம்.

பில் தர மறுப்பதே இச்சட்டப்படி முறையற்ற வணிகம். ஆகவே பில், வேலை விவர அட்டை, காலிப் புட்டி, கழற்றிய பழைய பாகம் ஆகியவற்றைக் கேட்டு வாங்கிப் பாதுகாத்து, பழுது நேர்ந்த நாளிலிருந்து 2 ஆண்டுகளுக்குள் புகாரைப் பதிவு செய்யுங்கள்.