மூச்சை அளந்து பார்க்க ஏன் தயக்கம்?

கொல்கத்தாவில் இருமலுக்கும் இரைப்புக்கும் மருந்து தாராளமாகக் கிடைக்கிறது. நோய் எது என்று சொல்லும் சோதனைதான் தாமதமாக வந்து சேர்கிறது.

"ஜோரே, ஆரோ ஜோரே!" பலமாக, இன்னும் பலமாக என்று அர்த்தம். கொல்கத்தாவில் நுரையீரலின் செயல்பாட்டைச் சோதிக்கும் அறைக்கு வெளியே காத்திருப்பவர்களின் காதில் இப்படியொரு குரல் விழுந்துகொண்டே இருக்கும். உள்ளே மூக்கில் கிளிப் மாட்டிக்கொண்டு, அட்டைக் குழாயை உதடுகளால் இறுகக் கவ்வியபடி ஒருவர் ஊதிக்கொண்டிருப்பார். முகம் சிவந்து கண்ணில் நீர் வரும் நேரத்தில் கம்ப்யூட்டர் திரையில் ஒரு கோடு மேலேறி வளைந்து நிற்கும். சரியாக மூன்று முறை ஊதினால் போதும். ஊசி இல்லை, ரத்தம் எடுப்பதில்லை, வலியும் இல்லை.

ஒரு மணி நேரத்துக்குள் முடிந்துவிடும் இந்தச் சோதனைக்கு வந்து சேரப் பலருக்கு ஆண்டுக்கணக்கில் ஆகிவிடுகிறது. அதற்குள் பாட்டில் பாட்டிலாக இருமல் சிரப் உள்ளே போயிருக்கும். குளிர்காலம் தவறாமல் ஒரு ஆன்டிபயாடிக், மூச்சு முட்டும் இரவில் ஒரு ஊசி, பக்கத்து வீட்டுக்காரர் சொன்ன ஒரு பொடி. நோய்க்குப் பெயர் வைக்காமலேயே வைத்தியம் நடந்திருக்கும்.

இந்த நகரத்தில் நவம்பர் பிறந்தாலே தலையில் மங்கி கேப் ஏறிவிடும். யார் இருமினாலும் "டாண்டா லேகே கேச்சே" என்பார்கள். குளிர் பிடித்துவிட்டதாம். மூச்சு இரைத்தால் அதற்குப் பெயர் 'ஹாம்பானி'. லேக் மார்க்கெட் பக்கம் பல தலைமுறைகளாக வாழும் நம்மவர்களிடமும் இதே சமாதானம் உண்டு: "கல்கத்தா குளிர் ஒத்துக்கொள்ளவில்லை." குளிர் ஓரளவுக்குத்தான் குற்றவாளி. குளிர்கால இரவுகளில் தரையை ஒட்டிய காற்று குளிர்ந்து கனத்துவிட, அதன் மேல் வெப்பமான காற்று மூடிபோல் படுத்துக்கொள்கிறது. பஸ், லாரிப் புகை, தெருவோரம் எரியும் குப்பை, டீக்கடை நிலக்கரி அடுப்பு, கட்டுமானத் தூசு எல்லாம் அந்த மூடிக்குக் கீழே சிக்கிக்கொள்கின்றன. மிக நுண்ணிய துகள்களான பி.எம். 2.5, ஒரு கன மீட்டர் காற்றில் நாளொன்றுக்குச் சராசரியாக 60 மைக்ரோகிராமைத் தாண்டக் கூடாது என்பது இந்திய விதி. கொல்கத்தாவின் குளிர்காலத்தில் அதைத் தாண்டும் நாட்கள் சர்வசாதாரணம். ஆண்டுச் சராசரிக்கு இந்தியா வைத்திருக்கும் வரம்பு 40. உலக சுகாதார நிறுவனம் 2021இல் பரிந்துரைத்ததோ வெறும் 5.

புகையோடு இந்த நகரம் நடத்தும் வழக்கு பழையது. நிலக்கரியில் ஓடிய ஆலைகளும் படகுகளும் கக்கிய புகையைக் கட்டுப்படுத்த 1863லேயே கல்கத்தாவுக்கும் ஹௌராவுக்கும் சட்டம் வந்தது. 1905இல் இன்னொரு சட்டம். ஆலைப் புகை குறைந்தபோது வாகனப் புகை சேர்ந்துகொண்டது. 2000இல் சித்தரஞ்சன் தேசியப் புற்றுநோய் நிலைய ஆய்வாளர்கள் ஒரு முக்கியமான ஆய்வை வெளியிட்டார்கள். கல்கத்தா குழந்தைகளின் சளியை கிராமப்புறக் குழந்தைகளின் சளியோடு ஒப்பிட்டபோது, நுரையீரலின் துப்புரவுப் பணியாளர்களான 'மேக்ரோஃபேஜ்' செல்கள் நகரக் குழந்தைகளிடம் அதிகமாக இருந்தன. குப்பை அதிகமானால்தானே துப்புரவு ஆட்கள் அதிகம் தேவைப்படும்? 2008 ஜூலையில் கல்கத்தா உயர் நீதிமன்றம், 1993க்கு முன் பதிவான வணிக வாகனங்களையும் பழைய டூ-ஸ்ட்ரோக் ஆட்டோக்களையும் சாலையிலிருந்து அகற்ற உத்தரவிட்டது. 2009 ஆகஸ்டில் அது நடைமுறைக்கு வந்தது. ஆட்டோக்கள் எரிவாயுவுக்கு மாறின. ஆனால் அதற்குள் பல ஆண்டுகள் அந்தப் புகையைச் சுவாசித்த நுரையீரல்களை எந்த உத்தரவாலும் மாற்ற முடியாது.

இது கொல்கத்தாவின் தனித் துயரம் அல்ல. 'லான்செட் குளோபல் ஹெல்த்' இதழில் 2018இல் வெளியான கணக்கின்படி, 2016இல் இந்தியாவில் ஏறத்தாழ 5.5 கோடிப் பேருக்கு சி.ஓ.பி.டி. எனப்படும் நாள்பட்ட நுரையீரல் அடைப்பு நோய் இருந்தது. 1990இல் இந்த எண்ணிக்கை 2.8 கோடி. ஆஸ்துமா நோயாளிகள் 3.8 கோடிப் பேர். சி.ஓ.பி.டி.யை 'பீடிக்காரர் வியாதி' என்று ஒதுக்கும் பழக்கத்துக்கும் அந்த ஆய்வு பதில் சொன்னது. இந்த நோயால் நாட்டுக்கு ஏற்படும் பாதிப்பில் பாதிக்கு மேல் காற்று மாசால் வருகிறது. புகையிலையின் பங்கு கால்வாசிதான். வாழ்நாளில் பீடியைத் தொடாமல், நிலக்கரித் தூள் உருண்டைகளான 'குல்' போட்டு மண் அடுப்பு மூட்டிச் சமைத்த பெண்ணுக்கும் இந்த நோய் வரலாம்.

நோய் இவ்வளவு பரவியிருந்தும் அளக்கத் தயக்கம் ஏன்? கொல்கத்தாவில் அதற்கு ஒரு வரலாற்றுக் காரணம் உண்டு. இருமல் என்றால் இந்த நகரத்தின் நினைவில் முதலில் வருவது காசநோய். 'கிஷோர் கவி' என்று வங்காளிகள் கொண்டாடும் சுகாந்த பட்டாச்சார்யா, 1947 மே 13 அன்று ஜாதவ்பூர் காசநோய் மருத்துவமனையில் இறந்தார். வயது 20. அவர் பிறந்தது 1926 ஆகஸ்ட் 15. உயிரோடு இருந்திருந்தால் தன் 21ஆவது பிறந்த நாளில் நாடு விடுதலையானதைப் பார்த்திருப்பார். காசநோய்க்கு ஸ்ட்ரெப்டோமைசின் பலன் தருமா என்ற புகழ்பெற்ற சோதனை அதே 1947இல்தான் பிரிட்டனில் நடந்துகொண்டிருந்தது. 1960இல் ரித்விக் கட்டக் எடுத்த 'மேகே டாகா தாரா' படத்திலும் குடும்பத்துக்காக உழைத்துத் தேயும் நாயகி நீதா கடைசியில் போய்ச் சேர்வது மலைமேல் உள்ள காசநோய் விடுதிக்குத்தான். வங்காள வீடுகளில் மார்புச் சோதனை என்ற பேச்சே ஒரு தீர்ப்பாக ஒலித்ததில் வியப்பில்லை. பெண்ணுக்கு வரன் பார்க்கும் வீட்டில் இருமலை வெளியே சொல்வார்களா?

அந்த அச்சத்தின் அடித்தளத்தை உடைத்த பெருமை சென்னைக்கு உண்டு. 1956இல் தொடங்கப்பட்ட சென்னை காசநோய் வேதிச்சிகிச்சை மையம், 193 நோயாளிகளை இரு பிரிவாக்கி, ஒரு பிரிவினரை மருத்துவ விடுதியிலும் மற்றவர்களைச் சொந்த வீட்டிலும் வைத்து ஓராண்டு மருந்து கொடுத்தது. வீட்டிலிருந்தவர்கள் நெரிசலில் வாழ்ந்தார்கள், சாப்பாடும் சுமார்தான். ஆனாலும் அவர்கள் குணமானது விடுதியில் இருந்தவர்களுக்குக் கிட்டத்தட்ட இணையாக இருந்தது. வீட்டில் இருந்தவர்களுக்குக் கூடுதலாகத் தொற்றவும் இல்லை. 1959இல் வெளியான இந்த முடிவு உலகெங்கும் காசநோய் விடுதிகளின் காலத்தை முடித்துவைத்தது. சேத்துப்பட்டில் உள்ள அந்த மையம்தான் இன்றைய தேசிய காசநோய் ஆராய்ச்சி நிறுவனம். ஜாதவ்பூர் மருத்துவமனை வளாகத்தில் இப்போது ஒரு மருத்துவக் கல்லூரி இயங்குகிறது.

விடுதி போய்விட்டாலும் குழப்பம் போகவில்லை. காசநோய் குணமானவரின் நுரையீரலில் தழும்பு தங்கிவிடும். அந்தத் தழும்பே பின்னாளில் மூச்சுக்குழாய் அடைப்பை உண்டாக்கலாம். அவர் மறுபடி இருமும்போது எக்ஸ்ரே எடுத்தால் பழைய தழும்பு தெரியும். சளியைச் சோதிக்காமல் அதை மட்டும் பார்த்து மீண்டும் காசநோய் மருந்து தொடங்கினால் ஆறு மாதமும் வீண். இதற்கு நேர்மாறும் நடக்கிறது. உண்மையில் காசநோய் இருப்பவர் 'அலர்ஜி' என்று சிரப் குடித்தபடி வீட்டில் மற்றவர்களுக்குக் கிருமியைப் பரப்பிக்கொண்டிருப்பார். எக்ஸ்ரேக்கும் எல்லை உண்டு. ஆஸ்துமாவிலும் ஆரம்பகட்ட சி.ஓ.பி.டி.யிலும் படம் சுத்தமாகவே வரலாம். மார்பில் ஸ்டெதாஸ்கோப் வைத்துக் கேட்கும் ஓசையும் அப்படித்தான். நோயாளி டாக்டரிடம் வந்த நேரத்தில் விசில் சத்தம் இல்லாமலே போகலாம்.

ஆகவே வரிசை முக்கியம். இரண்டு வாரத்துக்கு மேல் இருமல், மாலைக் காய்ச்சல், எடை குறைவு, சளியில் ரத்தம் இவற்றில் ஏதாவது இருந்தால் முதல் வேலை சளிப் பரிசோதனை. ஜீன்எக்ஸ்பெர்ட், கோவாவில் தயாராகும் ட்ரூநாட் போன்ற கருவிகள் இரண்டு மணி நேரத்துக்குள் கிருமி இருக்கிறதா, முக்கிய மருந்தான ரிஃபாம்பிசின் அதனிடம் பலிக்குமா என்பதைச் சொல்லிவிடுகின்றன. அரசுத் திட்டத்தில் சோதனையும் மருந்தும் இலவசம். 2024 நவம்பர் முதல் சத்துணவுக்காக மாதம் 1,000 ரூபாயும் உண்டு.

காசநோய் இல்லை என்றால் அடுத்தது ஊதும் சோதனை. ஸ்பைரோமீட்டர் புதிய கருவி அல்ல. ஜான் ஹட்சின்சன் என்ற ஆங்கில மருத்துவர் 1846இலேயே அதைப் பற்றி எழுதிவிட்டார். அது இரண்டு கேள்விகளைக் கேட்கிறது. ஒரே மூச்சில் மொத்தம் எவ்வளவு காற்றை வெளியேற்ற முடிகிறது? அதில் முதல் விநாடியில் எவ்வளவு? ஆரோக்கியமானவர் பெரும்பகுதியை, சுமாராக முக்கால் பங்குக்கு மேல், முதல் விநாடியிலேயே ஊதிவிடுவார். குழாய் சுருங்கியிருந்தால் காற்று மெல்லத்தான் வடியும்.

உதாரணத்துக்கு, ஒருவர் மொத்தம் 3 லிட்டர் ஊதுகிறார், முதல் விநாடியில் 1.6 லிட்டர்தான் வருகிறது என்று வைத்துக்கொள்வோம். 53 சதவீதம். அடைப்பு இருக்கிறது. அவருக்கு சால்பியூட்டமால் இன்ஹேலர் கொடுத்து, 15 நிமிடம் கழித்து மறுபடி ஊதச் சொல்கிறார்கள். இப்போது முதல் விநாடியில் 2.1 லிட்டர் வந்தால் குழாய் நன்றாகத் திறந்துவிட்டது. ஆஸ்துமாவுக்கு வாய்ப்பு அதிகம். 200 மில்லி லிட்டரும் 12 சதவீதமும் கூடினால் அதை நல்ல முன்னேற்றமாகக் கொள்வது நெடுநாள் வழக்கம். மருந்துக்குப் பிறகும் விகிதம் 70 சதவீதத்தைத் தொடாவிட்டால் சி.ஓ.பி.டி. என்ற சந்தேகம் வலுக்கிறது. ஆஸ்துமாக்காரர் நன்றாக இருக்கும் நாளில் ஊதினால் எல்லாம் சரியாகவே வரலாம் என்பதால், வயது, தொழில், புகைப் பழக்கம், எந்த நேரத்தில் இரைப்பு வருகிறது என்ற விவரங்களையும் டாக்டர் சேர்த்துப் பார்க்கிறார். ஊதும் சோதனை சரியாக இருந்தும் மாடி ஏறினால் மூச்சு வாங்குகிறதா? இதயத்தையும் ரத்தசோகையையும் கவனிக்க வேண்டும்.

பெயர் எதுவாக இருந்தால் என்ன, இரைப்பு இரைப்புதானே என்று கேட்கலாம். வைத்தியம் வேறுபடுகிறது. ஆஸ்துமாவில் மூச்சுக்குழாயின் உட்சுவர் வீங்கியிருக்கிறது. அதை அடக்குவது ஸ்டீராய்டு இன்ஹேலர்தான். உடனே நிவாரணம் தரும் சால்பியூட்டமாலை மட்டும் நம்பியிருக்கக் கூடாது என்று 'ஜினா' எனும் உலக ஆஸ்துமா வழிகாட்டுதல் 2019இல் கண்டிப்பாகச் சொன்னது. சி.ஓ.பி.டி.யில் நிலைமை வேறு. குழாயை நீண்ட நேரம் விரித்துவைக்கும் மருந்துகள் முதலிடம் பெறுகின்றன. ஸ்டீராய்டு எல்லோருக்கும் தேவைப்படாது. புகையை நிறுத்துவது, தினசரி நடைப் பயிற்சி, ஃப்ளூவுக்கும் நிமோனியாவுக்கும் தடுப்பூசி, ஆக்சிஜன் மிகவும் குறைந்தவர்களுக்கு வீட்டிலேயே நாளுக்கு 15 மணி நேரமாவது ஆக்சிஜன் என்று பட்டியல் நீள்கிறது. அழிந்த நுரையீரல் திரும்பாது. மிச்சத்தைக் காப்பாற்றலாம், சீக்கிரம் கண்டுபிடித்தால்.

இங்கே குறுக்கே நிற்பது இன்ஹேலர் பயம். 'ஒருமுறை பிடித்தால் விடாது', 'கடைசிக் கட்ட மருந்து' என்ற பேச்சு கொல்கத்தாவிலும் உண்டு, கும்பகோணத்திலும் உண்டு. கணக்கைப் பாருங்கள். சால்பியூட்டமால் மாத்திரை ஒன்றில் 4 மில்லிகிராம் இருந்தால், அது 4,000 மைக்ரோகிராம். இன்ஹேலரை ஒருமுறை அழுத்தினால் வருவது 100 மைக்ரோகிராம். ஒரு மாத்திரை நாற்பது அழுத்தலுக்குச் சமம். அந்த மாத்திரை ரத்தத்தில் கலந்து கை நடுக்கத்தையும் படபடப்பையும் தந்துவிட்டுத்தான் நுரையீரலுக்குப் போகிறது. இன்ஹேலரோ நேரே போகிறது. இதைவிட ஆபத்து, விலாசம் தெரியாத ஹாம்பானிப் பொடிகள். அவற்றில் சில ரகசியமாகக் கலந்த ஸ்டீராய்டால் அற்புதம் காட்டுகின்றன. சில மாதங்களில் முகம் உப்பி, சர்க்கரை ஏறி, எலும்பு தேய்ந்து அற்புதத்தின் விலை தெரியவரும்.

இன்ஹேலரை வாங்கினால் மட்டும் போதாது. ஊதி உள்ளிழுக்க வேண்டிய கேப்ஸ்யூலைத் தண்ணீர் விட்டு விழுங்கிவிடுபவர்களைப் பார்க்காத மார்பு மருத்துவர் இருக்க மாட்டார். முதலில் நன்றாக மூச்சை விட வேண்டும். மெல்ல உள்ளிழுக்கத் தொடங்கும்போது அழுத்த வேண்டும். பிறகு பத்து விநாடி மூச்சை அடக்க வேண்டும். ஒத்திசைவு வராதவர்கள் 'ஸ்பேசர்' குப்பியை வைத்துக்கொள்ளலாம். ஸ்டீராய்டு மருந்தென்றால் கடைசியில் வாய் கொப்பளித்துத் துப்ப வேண்டும். இதை ஒருமுறை செய்துகாட்டச் சொல்லிப் பார்க்க ஐந்து நிமிடம் ஆகும். கூட்டம் பிதுங்கும் வெளிநோயாளிப் பிரிவில் அந்த ஐந்து நிமிடம்தான் கிடைப்பதில்லை.

பெரிய மருத்துவமனைகளில் ஸ்பைரோமீட்டர் இருக்கிறது. முதலில் இரைப்போடு போகும் தெருமுனை கிளினிக்கில் பெரும்பாலும் இல்லை. ரத்த அழுத்தம் பார்க்காமல் அதற்கு மாத்திரை எழுதும் டாக்டரை இன்று யாரும் ஏற்க மாட்டார்கள். மூச்சுக்கு மட்டும் அந்தச் சலுகையைக் கொடுத்து வைத்திருக்கிறோம். குறைந்தபட்சம், சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் 'பீக் ஃப்ளோ மீட்டர்' ஒவ்வொரு டாக்டரின் மேஜையிலும் இருக்க முடியும். ஊதும் வேகத்தை அது சொல்லும். காலையும் மாலையும் நோயாளி வீட்டிலேயே ஊதிக் குறித்துவைத்தால் ஏற்ற இறக்கம் தெரியும்.

அதுவரை கேட்கும் பொறுப்பு நோயாளியிடம்தான். மூன்றாவது குளிர்காலமாக அதே இருமல் என்றால், அடுத்த சிரப்பை வாங்கும் முன் டாக்டரிடம் மூன்று கேள்விகள் கேளுங்கள். என் நோயின் பெயர் என்ன? எந்தச் சோதனையை வைத்துச் சொல்கிறீர்கள்? இந்த இன்ஹேலரை நான் சரியாகத்தான் எடுக்கிறேனா, பாருங்களேன்? நல்ல டாக்டர் யாரும் இதற்குக் கோபப்பட மாட்டார்.