காற்று பிரிஞ்சுதா, சார்?

குடல் ஆபரேஷன் முடிந்த மறுநாள் காலை. டாக்டர் ரவுண்ட்ஸ் வருகிறார். பின்னால் நர்ஸ், பயிற்சி டாக்டர்கள் என்று ஒரு ஊர்வலம். கட்டிலில் இருப்பவர் ரிட்டயர்டு ஹெட்மாஸ்டராகவே இருக்கட்டும், அத்தனை பேர் எதிரில் முதல் கேள்வி இதுதான்: ''காற்று பிரிஞ்சுதா, சார்?''

சிரிக்காதீர்கள். அந்தச் சத்தத்துக்காகத்தான் வராந்தாவில் குடும்பமே காத்திருக்கிறது. குடல் மறுபடி வேலைக்கு வந்துவிட்டது என்பதற்கு அதுதான் அட்டெண்டன்ஸ் கையெழுத்து!

பெருங்குடலின் வலப்பக்கம் புற்றுநோய்க் கட்டி என்றால், அந்தப் பகுதியை வெட்டியெடுத்துவிட்டு, சிறுகுடலை மிச்சப் பெருங்குடலோடு இணைக்கவேண்டும். லேப்ராஸ்கோப் மூலம் குடலை வெட்டியெடுத்ததை 1991-ல் அமெரிக்காவின் மயாமியைச் சேர்ந்த மோய்ஸஸ் ஜேக்கப்ஸ் குழுவினர் மருத்துவ இதழில் எழுதினார்கள். வெட்டுவது சரி... இணைப்பது எங்கே வைத்து? இதில் டாக்டர்கள் இரண்டு கட்சி.

'வெளியே' கட்சிக்காரர்கள், தொப்புள் பக்கம் சில சென்டிமீட்டர் கீறி, குடலை வெளியே இழுத்து, கண்ணெதிரே இணைத்து, திரும்ப உள்ளே தள்ளிவிடுவார்கள். கைக்குப் பழகின வேலை, நேரமும் மிச்சம். ஆனால் ஆசாமி தொந்தியும் தொப்பையுமாக இருந்தால் குடல் லேசில் வெளியே வராது. ரொம்ப இழுத்தால் அதைத் தாங்கும் சவ்வு கிழிந்து ரத்தம் கசியும். உள்ளே போகும்போது குடல் முறுக்கிக்கொள்ளவும் கூடும்.

'உள்ளே' கட்சி, வயிற்றுக்குள்ளேயே, டி.வி. திரையைப் பார்த்தபடி இணைக்கிறது. உங்கள் ஆபீஸ் மேஜையில் இருக்கிறதே ஸ்டேப்ளர், அதற்கு ஒன்றுவிட்ட தம்பிதான் கருவி. இரண்டு குடலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, துளை போட்டு, ஸ்டேப்ளரின் இரு தாடைகளை நுழைத்து ஒரு அழுத்து! டைட்டானியம் பின்கள் வரிசையாக இறங்கும். நடுவே கத்தி ஓடி வழி திறக்கும். (1908-ல் புடாபெஸ்ட்டில் ஹூமர் ஹூல்ட்ல் உபயோகித்த ஸ்டேப்ளரின் எடை சுமார் மூன்றரை கிலோ. பாவம், கூட நின்ற உதவியாளர்!) ஸ்டேப்ளர் நுழைந்த துளையை உள்ளேயே தைத்து மூடவேண்டும். கஷ்டமே அங்கேதான். முழ நீளக் குச்சிகளால் சட்டைக்கு பட்டன் தைத்துப் பாருங்கள், புரியும்.

லாபம்? வெட்டின துண்டைப் பையில் போட்டு, அடிவயிற்றில் சிசேரியன் கீறல் போடும் இடத்தின் வழியே எடுத்துவிடலாம். நடுவயிற்றுக் கீறலைவிட அங்கே பிற்பாடு குடலிறக்கம் வருவது குறைவு. இரு முறைகளையும் ஒப்பிட்ட பல ஆய்வுகளில், உள்ளே இணைத்தவர்களுக்குக் குடல் சற்று முன்னதாகவே விழித்துக்கொண்டிருக்கிறது. ஆபரேஷன் நேரம்தான் கூடும்.

சரி, இணைத்த இடம் கசிந்தால்? மலம் வயிற்றுக்குள் பரவி, உயிருக்கே உலை வைத்துவிடும். இதில் இரண்டு கட்சிக்கும் பெரிய வித்தியாசம் தெரியவில்லை. குடல் முனைக்கு ரத்த ஓட்டம் இருக்கிறதா, இழுபடாமல் சேர்ந்திருக்கிறதா என்பதுதான் முக்கியம். சத்துக்குறைவும் சிகரெட்டும் சேர்ந்தால் ஆபத்து கூடும். (டீக்கடை வாசலில் இதைப் படிப்பவர்கள் கவனிக்க!)

என்னைக் கேட்டால், டாக்டரிடம் ''உள்ளேயா, வெளியேயா?'' என்று வாதாடுவதைவிட, ''நீங்க வழக்கமா எப்படிப் பண்ணுவீங்க, டாக்டர்? எத்தனை பேருக்குப் பண்ணியிருக்கீங்க?'' என்று கேட்பது உபயோகம்.

அப்பாவுக்குத் துணையாக ராத்திரி தங்குகிறீர்களா? காற்று பிரிந்த பிறகும், காய்ச்சல், படபடவென்ற நாடி, ஏறிக்கொண்டே போகும் வயிற்றுவலி என்று ஏதாவது தெரிந்தால், விடியட்டும் என்று உட்கார்ந்திருக்காதீர்கள். மணி இரண்டானாலும் நர்ஸை எழுப்புங்கள். வீட்டுக்கு வந்தபிறகு என்றால், நேரே ஆஸ்பத்திரிக்கு ஆட்டோ பிடியுங்கள்.