சிக்கா: அச்சின் பெயர் காசுக்கு வந்த கதை

‘சிக்கா’ என்றால் நாணயம் என்றே இன்று நாம் பொருள் கொள்கிறோம். இப்னு கல்தூன் தம் முகத்திமாவில் அதன் முதற்பொருளை வேறாகக் காட்டுகிறார். எழுத்துகளோ உருவங்களோ புரட்டிச் செதுக்கப்பட்ட இரும்பு அச்சே சிக்கா. பின்னர் அது பதிக்கும் முத்திரைக்கும், அதன்பின் அப்பணியைக் கண்காணிக்கும் பதவிக்கும் அச்சொல் பெயராயிற்று. தமிழும் இவ்வழியே நடந்திருக்கிறது: இடைக்காலக் கல்வெட்டுகளில் ‘அச்சு’ என்பது காசொன்றின் பெயர்.

காசுக்கு இரண்டு அச்சுகள் வேண்டும். கீழச்சு அசையாதபடி கட்டையில் இறுக்கப்படும். நிறுத்த வெள்ளி வில்லையை அதன்மீது வைத்து, மேலச்சைக் கையால் பிடித்துச் சம்மட்டியால் ஓங்கி அடிப்பர். அடியை நேரே வாங்கும் மேலச்சே முதலில் தேயும், வெடிக்கும். காசில் மேடாக எழவேண்டியதை அச்சில் குழியாக வெட்டவேண்டும். வலமிருந்து இடம் செல்லும் அரபு எழுத்தையோ இடமிருந்து வலமாக வெட்டவேண்டும். இதனை மறந்தவர்களும் உண்டு. அவர்தம் காசுகளைக் கண்ணாடியில் காட்டித்தான் வாசிக்க இயலும்!

ஹிஜ்ரி 77இல் (கி.பி. 696-97) கலீஃபா அப்துல் மலிக் தீனாரிலிருந்து உருவங்களை அகற்றி எழுத்தை மட்டுமே நிறுத்தினார். கலிமாவும் இறைவசனமும் ஆண்டும் சுமார் 20 மில்லிமீட்டர் அகலத்துக்குள் அடங்கவேண்டும். எடை ஏறத்தாழ 4.25 கிராம். ஜகாத்தும் மஹரும் இவ்வெடையை வைத்தே கணக்கிடப்படுவதால், கள்ள அச்சு வணிகத்தை மட்டுமன்றி மார்க்கக் கடமையையும் கெடுத்துவிடும். இப்னு கல்தூன் இப்பதவியைக் கிலாஃபத்தின் மார்க்கப் பொறுப்புகளோடு வைத்துப் பேசுவது இதனாலேயே.

நம் குறிஞ்சிப்பாடிப் பக்கத்திற்கு வருவோம். கிழக்கே பரங்கிப்பேட்டையின் பெயரால் ஒரு வராகனே வழங்கியது. வடக்கே புதுச்சேரியில் ரூபாய் அடித்துக்கொள்ள ஆற்காட்டு நவாப் தோஸ்த் அலீ கான் 1736இல் பிரெஞ்சுக்காரருக்கு அனுமதி தந்தார். அக்காசில் பாரசீக எழுத்தில் முகலாய அரசர் பெயர் இருக்கும். அடித்த ஊர் ‘ஆற்காடு’ என்றிருக்கும். புதுச்சேரிக் காசென்று காட்டிக்கொடுப்பது அதிலுள்ள சிறு பிறைக்குறி ஒன்றே. அச்சு வில்லையினும் அகன்றிருந்தமையால் வாசகம் முழுவதும் ஒரு காசில் விழுவதில்லை. சில காசுகளை அருகருகே வைத்தால்தான் ஒரு வரி நிறைவுறும்.

சென்னையில் 1807க்குப் பின் இயந்திரத்தால் அடிக்கப்பட்ட ரூபாய்களிலும் இரண்டாம் ஆலம்கீரின் பெயரும் ஹிஜ்ரி 1172ஆம் ஆண்டுமே உள்ளன. அவரோ 1759இலேயே கொல்லப்பட்டவர். மக்கள் நம்பிப் பழகிய அச்சை மாற்றக் கும்பினியார் துணியவில்லை போலும்.