நாலு வயசு ஆயிடுச்சு, ஹார்னஸைக் கழட்டலாமா?

ஆஸ்திரேலியாவின் பேபி பன்டிங் நிறுவனம் நியூசிலாந்தில் தன் முதல் கடையைத் திறந்தது நம்ம ஆல்பனியில்தான். நார்த் ஷோர் பக்கம் இருக்கும் பெற்றோர் கார் சீட் வாங்க ஊரெல்லாம் அலைய வேண்டியதில்லை. ஆனால் எந்தக் கடைக்குப் போனாலும் சீட் வரிசை முன்னால் நின்றதும் தலை சுற்றும். ஒரு பெட்டியில் "9 முதல் 36 கிலோ" என்று இருக்கும். பக்கத்துப் பெட்டியில் "76 முதல் 150 செ.மீ." இன்னொன்றில் "6 மாதம் முதல் 8 வயது". மூன்றும் ஒரே மாதிரித்தான் தெரியும், விலை மட்டும் எங்கெங்கோ இருக்கும்.

கைக்குழந்தைக்கு சீட் வாங்கும்போது எல்லோரும் நிறையப் படிக்கிறோம், நாலு பேரிடம் கேட்கிறோம். அதே பிள்ளைக்கு நாலு வயது ஆனதும் "இனி பூஸ்டர் போதும்" என்று ஐந்து நிமிஷத்தில் முடிவெடுத்துவிடுகிறோம். அந்த ஐந்து நிமிஷத்தைக் கொஞ்சம் நீட்டத்தான் இந்தக் கட்டுரை.

சட்டம் சொல்வது எவ்வளவு?

நியூசிலாந்தில் 2013 நவம்பர் 1 முதல், ஏழாவது பிறந்தநாள் வரை பிள்ளைகள் தங்கள் வயதுக்கும் உடல் அளவுக்கும் ஏற்ற, அங்கீகரிக்கப்பட்ட சீட்டில் இருந்தே ஆக வேண்டும். அதற்கு முன் இந்த எல்லை ஐந்து வயதாக இருந்தது. ஏழு வயதுப் பிள்ளைக்கு, காரில் சீட் இருந்தால் எட்டாவது பிறந்தநாள் வரை அதைப் பயன்படுத்த வேண்டும். பதினைந்து வயதுக்குக் கீழே உள்ள எல்லோருக்கும் பொறுப்பு ஓட்டுநர்தான். பின் சீட்டில் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் பாட்டி இல்லை.

சட்டம் இதோடு நின்றுவிடுகிறது. நியூசிலாந்துப் போக்குவரத்துத் துறையும், ஸ்டார்ஷிப் மருத்துவமனையின் சேஃப்கிட்ஸ் அமைப்பும் தரும் பரிந்துரை இன்னும் மேலே போகிறது. பிள்ளை 148 செ.மீ. உயரம் வளரும் வரை ஏதாவது ஒரு சீட்டில் இருக்க வேண்டும் என்கிறார்கள். பல பிள்ளைகள் அந்த உயரத்தை எட்டுவது பதினொன்று, பன்னிரண்டு வயதை ஒட்டித்தான். ஏழு என்பது அபராதத்துக்கான கோடு. உடம்புக்கான கோடு வேறு.

அதேபோல, ஹார்னஸை இத்தனையாவது வயதில் கழட்டலாம் என்று சட்டத்தில் எண் எதுவும் இல்லை. அதை நாம்தான் பார்த்து முடிவு செய்ய வேண்டும்.

ஹார்னஸ் என்ன செய்கிறது?

ஒரு சின்னக் கணக்கு. கார் மணிக்கு 50 கிலோமீட்டரில் போகிறது. மோதி, பத்தில் ஒரு நொடியில் நின்றுவிடுகிறது என்று வைத்துக்கொள்வோம். 18 கிலோ பிள்ளையைப் பிடித்து நிறுத்த, கிட்டத்தட்ட 250 கிலோ எடையைத் தூக்குவதற்கான விசை வேண்டும். அந்த விசை பிள்ளையின் உடம்பில் எங்கே இறங்குகிறது என்பதுதான் கேள்வி.

ஹார்னஸில் இரண்டு தோள், இரண்டு இடுப்பு, கால்களுக்கு நடுவே ஒன்று என ஐந்து இடத்தில் பிடிப்பு இருக்கிறது. விசை பிரிந்து, உறுதியான எலும்புகள் மேல் இறங்குகிறது. நடுவில் இருக்கும் ஸ்ட்ராப், இடுப்பு ஸ்ட்ராப் வயிற்றுக்கு மேலே ஏறாமல் பிடித்துக்கொள்கிறது.

கார் பெல்ட் பெரியவர்களின் உடம்பை வைத்து வடிவமைத்தது. அது இடுப்பு எலும்பின் முன் முனையில் மாட்டி நிற்க வேண்டும். சின்னப் பிள்ளைகளுக்கு அந்த முனை இன்னும் சரியாக வளர்ந்திருக்காது. அதனால் மோதலில் பெல்ட் வழுக்கி, மெத்தென்ற வயிற்றுக்கு ஏறிவிடலாம். உள்ளே இருக்கும் குடலும் ஈரலும்தான் அடி வாங்கும். பூஸ்டர் பிள்ளையை உயர்த்தி, பெல்ட்டை இடுப்பில் தாழ்வாக உட்கார வைக்கிறது. நல்ல கருவிதான். ஆனால் பிள்ளை நேராக உட்கார்ந்தால்தான் அது வேலை செய்யும். வண்டி கிளம்பிப் பத்தாவது நிமிஷம் சாய்ந்து தூங்குகிற, கீழே விழுந்த பொம்மையை எடுக்கக் குனிகிற, தங்கச்சியைச் சீண்டத் திரும்புகிற நாலு வயசுக்காரனுக்கு அது கஷ்டம். ஆல்பனியிலிருந்து பாப்பகூரா விநாயகர் கோயிலுக்குப் போக நாற்பது கிலோமீட்டருக்கு மேல், பெரும்பாலும் மோட்டர்வே. அவ்வளவு நேரமும் அவன் ஒழுங்காக இருப்பானா?

பெட்டியில் இரண்டாவது எண்ணைத் தேடுங்கள்

"ஹார்னஸ்டு பூஸ்டர்" என்பது ஒரே சீட்டில் இரண்டு சீட். முதலில் உள்ளே இருக்கும் ஹார்னஸில் கட்டுவோம். பிறகு ஹார்னஸை எடுத்துவிட்டு, கார் பெல்ட்டோடு பூஸ்டராகப் பயன்படுத்துவோம். பெட்டியின் முன்பக்கம் பெரிதாகப் போடும் எண் இரண்டுக்கும் சேர்த்து. நமக்கு வேண்டியது ஹார்னஸ் எது வரை என்பது. அது பெட்டியின் பக்கவாட்டில், சின்ன எழுத்தில் இருக்கும்.

பழைய ஐரோப்பிய விதியான ஆர்44-இன்படி "9–36 கிலோ" என்று விற்கும் பல சீட்டுகளில் ஹார்னஸ் 18 கிலோவோடு முடிந்துவிடும். பிள்ளைகள் பலர் ஐந்து வயதை ஒட்டி 18 கிலோவைத் தொட்டுவிடுவார்கள். புதிய ஐ-சைஸ் விதியான ஆர்129-இல் கணக்கு உயரத்தில். "76–150 செ.மீ." சீட்டுகள் பலவற்றில் ஹார்னஸ் 105 செ.மீ. வரைதான். நாலு, நாலரை வயதிலேயே அந்த உயரம் வந்துவிடலாம். ஆஸ்திரேலியா-நியூசிலாந்து கூட்டுத் தரத்தில் வரும் "டைப் ஜி" சீட்டுகள் சுமார் ஆறு மாதம் முதல் எட்டு வயது வரை ஹார்னஸிலேயே வைத்திருக்கும் வகை. அவற்றில் எடையைவிடத் தோள் உயரத்துக்கான கோடுகள்தான் அளவு.

ஆகவே கடைக்காரரிடம் "எத்தனை வயசு வரைக்கும் வரும்?" என்று கேட்காதீர்கள். "ஹார்னஸ் எது வரைக்கும் வரும்?" என்று கேளுங்கள். நாலு வயதில் புதிதாக வாங்குகிறவர்கள் 18 கிலோவில் முடியும் சீட்டை வாங்கினால், சில மாதத்திலேயே வெறும் பூஸ்டர்தான் கையில் மிஞ்சும்.

இன்னொன்று. ஒல்லியான பிள்ளை என்றால் எடை எல்லைக்கு இன்னும் இடம் இருக்கும், ஆனால் தோள் மேல் துளையைத் தாண்டிவிட்டிருக்கும். எடையோ உயரமோ, எது முதலில் வருகிறதோ அங்கே அந்த ஹார்னஸின் காலம் முடிந்தது.

எந்த முத்திரை செல்லும்?

நியூசிலாந்து மூன்று தரங்களை ஏற்கிறது: ஆஸ்திரேலியா-நியூசிலாந்து கூட்டுத் தரம், ஐரோப்பியத் தரம், அமெரிக்கத் தரம். ஐரோப்பிய சீட்டில் வட்டத்துக்குள் 'ஈ' என்ற ஆங்கில எழுத்து இருக்கும். அமெரிக்க சீட்டில் நியூசிலாந்தின் 'எஸ்' முத்திரையும் சேர்ந்து இருக்க வேண்டும்.

இடம் மாறும் நம் குடும்பங்களுக்கு இது முக்கியம். டல்லாஸிலோ நியூ ஜெர்சியிலோ வாங்கிய விலையுயர்ந்த சீட்டில் 'எஸ்' முத்திரை இல்லையென்றால் இங்கே செல்லாது. சென்னையில் வாங்கியதில் ஐரோப்பிய முத்திரை இருக்கிறதா என்று பாருங்கள், இந்தியத் தர எண் மட்டும் போதாது. இங்கிருந்து சிட்னி, மெல்பர்ன் என்று போகும் எண்ணம் இருந்தால் ஆஸ்திரேலியா-நியூசிலாந்து கூட்டுத் தரத்தில் வாங்குவதே லாபம். ஐரோப்பிய, அமெரிக்க முத்திரை மட்டும் உள்ள சீட்டுகளை ஆஸ்திரேலியா ஏற்பதில்லை.

பழைய சீட் வாங்குவதாக இருந்தால் காலாவதித் தேதியையும், அது விபத்தில் இருந்ததா என்பதையும் விசாரியுங்கள். தெரிந்தவர் கொடுத்தால் கேட்டுவிடலாம். முகம் தெரியாதவர் விற்றால் பதிலை நம்ப வழியில்லை. காலாவதியானதைத் தூக்கி எறியாமல் சீட்ஸ்மார்ட் மறுசுழற்சித் திட்டத்தில் கொடுக்கலாம், சின்னக் கட்டணம் உண்டு.

நம்ம காருக்குப் பொருந்துமா?

இங்கே பல வீடுகளில் இருப்பது ஜப்பானிலிருந்து வந்த பழைய கார். ஆஸ்திரேலிய ஹார்னஸ் சீட்டுக்கு மேல் டெதர் கட்டாயம். சீட்டின் தலைப்பக்கத்திலிருந்து பின்னால் போய்க் காரின் உடம்பில் மாட்டும் ஸ்ட்ராப் அது. மோதலில் பிள்ளையின் தலை முன்னால் போகும் தூரத்தைக் குறைப்பது அதுதான். சில கார்களில் மாட்டுவதற்கான போல்ட் இருக்காது, அதற்கான துளை மட்டும் மூடியின் கீழே இருக்கும். வாங்கும் முன்பே காரின் கையேட்டைப் பாருங்கள், இல்லையென்றால் டெக்னீஷியனைக் கொண்டு போட்டுக்கொள்ளுங்கள். பொருட்களைக் கட்டும் கொக்கியில் டெதரை மாட்டக் கூடாது.

ஐசோஃபிக்ஸ் இருக்கிறது என்றால் எடைக் கணக்கைப் பாருங்கள். ஐ-சைஸ் விதியில் ஹார்னஸ் சீட்டின் எடையும் பிள்ளையின் எடையும் சேர்ந்து 33 கிலோவைத் தாண்டக் கூடாது. மற்ற சீட்டுகளில், எந்த எடைக்கு மேல் கார் பெல்ட்டுக்கு மாற வேண்டும் என்று கையேடு சொல்லும்.

தினமும் பார்க்க வேண்டியவை

முன்னோக்கி உட்காரும் பிள்ளைக்கு ஹார்னஸ் தோளின் மட்டத்தில், அல்லது சற்று மேலே இருந்து வர வேண்டும். கட்டி முடித்ததும் காறை எலும்புப் பக்கம் ஸ்ட்ராப்பைக் கிள்ளிப் பாருங்கள். மடிப்பு கையில் வந்தால் இன்னும் இறுக்க வேண்டும். முறுக்கு இருக்கக் கூடாது.

ஆக்லாந்து குளிர்காலத்தில் பெரிய தவறு பஃபர் ஜாக்கெட். அதன் மேல் இறுக்கினால் இறுக்கமாகத்தான் தெரியும். மோதலில் உள்ளே இருக்கும் காற்று நசுங்கி, ஸ்ட்ராப் தளர்ந்துவிடும். ஜாக்கெட்டைக் கழட்டி, கட்டி, மேலே போர்த்திவிடுங்கள். கோயிலுக்குப் போகும்போது பட்டுப் பாவாடையும் அப்படித்தான். துணியைச் சுருட்டி நடு ஸ்ட்ராப் ஒழுங்காக வருகிறதா என்று பாருங்கள்.

எப்போது கழட்டலாம்?

மூன்றும் சேர்ந்து வர வேண்டும். பிள்ளை அந்த சீட்டின் ஹார்னஸ் அளவைத் தாண்டியிருக்க வேண்டும். பூஸ்டருக்கான குறைந்தபட்ச எடையோ உயரமோ வந்திருக்க வேண்டும். தூங்கும்போதுகூடப் பெல்ட் இருக்க வேண்டிய இடத்தில் இருக்கும்படி உட்காரத் தெரிய வேண்டும். முதல் இரண்டும் வந்து மூன்றாவது வரவில்லை என்றால், இன்னும் உயரமான ஹார்னஸ் உள்ள சீட்டைத் தேடுங்கள். பூஸ்டருக்கு மாறும்போது முதுகு உள்ளதாக எடுங்கள். தூங்கும் தலைக்குத் தாங்கல் வேண்டும்.

பூஸ்டரும் வேண்டாம் என்பதற்கு 148 செ.மீ. தவிர ஒரு எளிய சோதனை உண்டு. முதுகு சீட்டில் ஒட்டியிருக்கும்போது முழங்கால் விளிம்பில் மடங்க வேண்டும். இடுப்பு பெல்ட் தொடையைத் தொட்டுத் தாழ்வாக இருக்க வேண்டும். தோள் பெல்ட் கழுத்தை உரசாமல் தோளின் நடுவில் போக வேண்டும். பயணம் முழுக்க அப்படியே இருக்க வேண்டும்.

பாட்டியிடம் எப்படிச் சொல்வது?

"பாவம்டா, புள்ளைய இப்படிக் கட்டிப் போட்டிருக்கீங்களே" என்பார் திருச்சியிலிருந்து வந்த பாட்டி. "நாங்கள் உங்களை மடியிலை வைச்சுத்தானே கொண்டு திரிஞ்சனாங்கள்" என்பார் யாழ்ப்பாணத்து அம்மம்மா. இருவரும் அன்பில்தான் சொல்கிறார்கள். அந்த 250 கிலோ கணக்கை அவர்களிடம் சொல்லுங்கள். "அம்மா, அவ்வளவு பாரத்தை உங்க கையால பிடிச்சு நிறுத்த முடியுமா?" என்று கேட்டால் வாக்குவாதம் வேண்டியிருக்காது. பள்ளியிலிருந்து பிள்ளையைக் கூட்டி வருவது தாத்தா என்றால், அவருக்கே கட்டவும் கிள்ளிப் பார்க்கவும் சொல்லிக் கொடுங்கள்.

ஊருக்குப் போகும்போதும் இதை விடாதீர்கள். இந்தியாவில் 2019 மோட்டார் வாகனத் திருத்தச் சட்டத்தின் 194பி பிரிவுப்படி, பதினான்கு வயதுக்குள் உள்ள பிள்ளைக்கு பெல்ட்டோ சீட்டோ இல்லாவிட்டால் 1,000 ரூபாய் அபராதம். இரு சக்கர வண்டியில் போகும் ஒன்பது மாதம் முதல் நாலு வயது வரையான குழந்தைக்கு ஹெல்மெட்டும், ஓட்டுநரோடு சேர்த்துக் கட்டும் ஹார்னஸும், 40 கிலோமீட்டர் வேக வரம்பும் 2022-இல் அறிவித்த விதியில் வந்துவிட்டன. மாமாவின் காரில் டெதர் மாட்ட இடம் இருக்கிறதா என்று கிளம்பும் முன்பே போட்டோ அனுப்பச் சொல்லுங்கள். டாக்சியில் சீட் இல்லாவிட்டால் இங்கே சட்டம் சலுகை தருகிறது, மோதல் தராது. முடிந்தவரை உங்கள் சீட்டைக் கையோடு கொண்டுபோங்கள்.

ஒரு முறை காட்டிவிடுங்கள்

சான்றிதழ் பெற்ற சைல்டு ரெஸ்ட்ரெயின்ட் டெக்னீஷியன்கள் உங்கள் பகுதியில் எங்கே இருக்கிறார்கள் என்பது போக்குவரத்துத் துறையின் இணையதளத்தில் கிடைக்கும். புது சீட் வாங்கியதும், பூஸ்டருக்கு மாறும்போதும் ஒருமுறை காட்டிவிடுங்கள். போகும்போது காரையும் சீட்டையும் மட்டும் கொண்டுபோகாமல், பிள்ளையையும் கூட்டிக்கொண்டு போங்கள். அளவு பார்க்க வேண்டியது அந்தத் தோளைத்தான்.