உங்களுக்குத் தெரியுமா? கொங்கில் வணிகக் காசு, யூதேயாவில் விடுதலை முழக்கம்

கொங்கு நாட்டு வெள்ளகோவிலுக்குக் கிழக்கே கரூர், மேற்கே கோவையை அடுத்த வெள்ளலூர். இரண்டு ஊர்களிலும் ரோமானிய வெள்ளிக்காசுகள் கிடைத்துள்ளன. 1842-இல் வெள்ளலூர்ப் புதையலில் மட்டும் 500-க்கும் மேல்! பெரும்பாலானவை பேரரசர்கள் அகஸ்டஸ், திபேரியஸ் முகம் பொறித்த 'தினாரியஸ்' காசுகள். நமக்கு அவை வாணிபம் கொண்டுவந்த வெள்ளி. யூதேயாவில் ரோமின் பிடியில் இருந்த யூதர்களுக்கோ அடிமைத்தனத்தின் முத்திரை.

• கி.பி. 66–70: எருசலேமில் ரோமை எதிர்த்த யூதக் கிளர்ச்சியாளர்கள் சொந்தமாக வெள்ளி 'ஷெக்கேல்' அச்சிட்டார்கள். ஒருபுறம் கிண்ணம், மறுபுறம் மூன்று மாதுளைகளும் 'புனித எருசலேம்' என்ற எழுத்தும். பேரரசர் முகத்துக்கு அதில் இடமே இல்லை.

• எருசலேம் வீழ்ந்ததும் ரோம் வெற்றி நாணயம் வெளியிட்டது. பேரீச்ச மரத்தடியில் துயரத்தோடு அமர்ந்திருக்கும் பெண். 'யூதேயா கைப்பற்றப்பட்டது' என்ற வாசகம்.

• கி.பி. 132–135: பார் கோக்பா என்ற யூதத் தலைவரின் கீழ் மீண்டும் எழுச்சி. புழக்கத்தில் இருந்த காசுகளையே எடுத்து, பேரரசர் உருவத்தின் மேல் ஆலயம், யாழ், திராட்சைக் குலை ஆகியவற்றை அச்சடித்தார்கள். பழைய எபிரேய எழுத்தில் 'எருசலேமின் விடுதலைக்காக' என்று பொறித்தார்கள். சில காசுகளில் ரோமானிய உருவத்தின் சுவடு இன்றும் தெரிகிறது.

அந்த எழுச்சியை ரோம் நசுக்கியது. ஆனால் விடுதலை கேட்ட மக்களின் சொந்தச் சொற்கள் அந்தக் காசுகளில் இன்றும் நிற்கின்றன. சென்னை எழும்பூர் அருங்காட்சியகத்துக்குப் போனால் ரோமானியக் காசுகளை நின்று பாருங்கள். அவற்றில் உலக வரலாறே இருக்கிறது.